பெயர் இருந்த இடத்தில் ஒரு தாமரைப் பூ

போன புதன்கிழமை எனக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது.

இதில் என்ன விசேஷம் என்பீர்கள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாராவாரம் நீங்கள் போடும் கார்டுகளே எங்கள் தெரு போஸ்ட்மேனின் தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் கையெழுத்து வேறு. ஒவ்வொரு எழுத்தும் சுவரில் எழுதுகிற மாதிரி பட்டையாக, நிமிர்ந்து... ஒரு காலத்தில் திருவண்ணாமலைச் சுவர்களில் பாதி இந்தக் கையெழுத்துதான். என் மாப்பிள்ளை செழியனுடையது. பதினோரு வருஷத்தில் அவன் எனக்கு எழுதிய முதல் கடிதம்.

சின்னக் கடிதம். அப்படியே தருகிறேன்.

"மாமாவுக்கு வணக்கம். பாப்பா இந்த முழுப்பரீட்சை லீவுக்கு உங்களிடம் வந்து இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நாம் ஏன் போக்குவரத்து இல்லாமல் இருக்கிறோம், அந்த வருஷம் என்ன நடந்தது என்று கேட்டுத் துளைக்கிறாள். அதை நீங்களே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் என் பக்கம் கொஞ்சம் தூக்கலாகிவிடும். கேட்ட பிறகும் வருகிறேன் என்று சொன்னால், நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். – செழியன்."

கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

பாப்பா என் பேத்தி. வேலூரில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பத்திரிகை வந்ததும் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாளாம். "தாத்தா நல்லா தமாஷா எழுதறாரு" என்பது அவள் விமர்சனம். அவளுக்குப் பிடித்த அந்தத் தமாஷ் தாத்தா இந்த வாரம் கொஞ்சம் விலகி உட்காரட்டும்.

வேலூருக்கு பஸ் ஏறிப் போய் நேரிலேயே சொல்லியிருக்கலாமே? யோசித்தேன். நேரில் சொன்னால் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிடுவேன். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் பேசிய வாய் இது; எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும். தவிர, நான் செய்த தப்பை அச்சில் செய்தேன். அச்சில் சொல்வதுதான் நியாயம்.

எமர்ஜென்சி வருஷம். நான் அப்போது எங்கள் ஊரிலேயே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஹெட்மாஸ்டர். ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வருஷம் பாக்கி. ஒரே மகள் வசந்தி. அவளைக் கட்டியவன் செழியன் – என் அக்கா மகன்தான். அவனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்ற முறையில் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். என் கட்டை விரலைக் கடித்து ரத்தம் பார்த்தவன்.

வளர்ந்து தேரடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்தான். பகலில் பஞ்சர்; சாயங்காலம் கட்சி மேடை. பேச்சில் அவனுக்கு ஊரில் பெயர் உண்டு. 'சைக்கிள் கடை செழியன் பேசறான்' என்றால் எதிர்க்கட்சிக்காரனும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவான்.

தீபாவளி சமயத்தில் குழந்தை பிறந்தது. பெண். தலைப்பிரசவம் ஆகையால் எங்கள் வீட்டில். பதினாறாம் நாள் பெயர் வைக்கலாம் என்றேன்.

"அதெல்லாம் தலைவர் வெப்பாரு மாமா" என்றான் செழியன்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியுமோ என்னவோ. கட்சிக்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைப்பது ஜோசியரும் இல்லை, தாத்தாவும் இல்லை. தலைவர் ஊருக்குக் கூட்டம் பேச வரும்போது குழந்தையை மேடையில் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு நிமிஷம் யோசித்து மைக்கில் ஒரு பெயர் சொல்வார். கூட்டம் கை தட்டும். குழந்தை அலறும். முடிந்தது நாமகரணம்.

"அதுவரைக்கும் இன்னான்னு கூப்பிடறது?" என்றாள் என் மனைவி சரோஜா.

"பாப்பானு கூப்பிடுங்க அத்தை. தை மாசம் கூட்டம். இன்னும் ரெண்டே மாசம்."

தை மாசம் கூட்டம் வரவில்லை. அவன் கட்சியின் மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்ற செய்திதான் வந்தது. அதற்குப் பின்னாலேயே கைதுகள்.

ஒரு காலை எட்டு மணி. கடையைத் திறக்கும் முன் அவன் எங்கள் வீட்டு வாசலில் யாருடைய சைக்கிளுக்கோ செயின் மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். "சும்மா ஒரு விசாரணை. சாயந்திரம் வந்துடலாம்."

வசந்தி குழந்தையை எடுத்து வந்து நீட்டினாள். கிளம்பும் முன் ஒரு தடவை தூக்கட்டும் என்று. அவன் தன் கைகளைப் பார்த்தான். முழங்கை வரை கிரீஸ்.

"சாயந்திரம் வந்து கை கழுவிட்டுத் தூக்கிக்கிறேன்" என்றான்.

மிசா என்று ஒரு சட்டம். விசாரணை இல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம். வேலூர் ஜெயில். அந்தச் சாயந்திரம் வர ஒரு வருஷம் ஆயிற்று.

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த ஒரு வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த வருஷம்.

ஊர் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. டீக்கடைகளில் 'அரசியல் பேசாதீர்' என்று போர்டு. பேப்பரில் அங்கங்கே வெள்ளையாக இடம், சென்சாரில் வெட்டியது. ஸ்டாஃப் ரூமுக்குள் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும் – எனக்குப் பயந்து அல்ல, என் மாப்பிள்ளைக்குப் பயந்து! எங்கள் தெருவில் அந்த வருஷம் வாய் திறந்து, இஷ்டப்பட்ட நேரத்துக்கு, இஷ்டப்பட்ட அளவு கத்திய ஒரே பிரஜை பாப்பாதான்.

வசந்தி அழுதுகொண்டு உட்காரவில்லை. இரண்டாவது வாரமே போய் சைக்கிள் கடையைத் திறந்தாள். ஒரு பெண் உட்கார்ந்து வாடகை சைக்கிள் விடுவதை ஊர் வேடிக்கை பார்த்தது. பிறகு பழகிவிட்டது. காலை எட்டரைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். பகலில் சரோஜா. பள்ளிக்கூடம் விட்டால் நான்.

நாலரை மணிக்கு மணி அடித்தால் பிள்ளைகளை முந்திக்கொண்டு கேட்டைத் தாண்டிய ஹெட்மாஸ்டரைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்கூல் வாட்ச்மேன் ஒரு நாள் சிரித்தே விட்டான்.

வசந்தி பிறந்தபோது நான் அவளைத் தூக்கியதாகவே ஞாபகம் இல்லை. அப்போது வாத்தியார் பயிற்சிக்கான பி.டி. பரீட்சை, பிறகு டிரான்ஸ்பர், பிறகு டியூஷன். குழந்தை என்பது பெண்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு காரியம். ஐம்பத்தைந்து வயதில் திடீரென்று, கால் நீட்டி உட்கார்ந்து, கணுக்கால் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் வழுக்காமல் பிடித்துக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன். எந்தப் பக்கம் தோளில் போட்டால் ஏப்பம் வரும் என்று தெரிந்துகொண்டேன். பருப்பு சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மலை பாரு... மலை மேல மேகம் பாரு..." என்று மாடியில் சுற்றினேன். மலையைப் பார்த்து அவள் வாய் திறக்கும் அந்த அரை வினாடியில் கவளத்தை உள்ளே தள்ள வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை அண்ணாமலையாரை இந்த வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறேன்.

சரோஜா ஒரு நாள் சொன்னாள்: "ஊர்ல எல்லாருக்கும் ஆட்சி போச்சேன்னு கவலை. இந்த மனுஷனுக்கு ஆட்சி வந்துடுச்சு."

சிரித்தோம். அவள் முழுக்கச் சிரிக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

வசந்தி தினமும் காலையில் ஒரு சடங்கு வைத்திருந்தாள். செழியன் மேடையில் பேசும் போட்டோ ஒன்று கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. கடைக்குக் கிளம்பும் முன் குழந்தையைத் தூக்கி அதன் முன்னால் நிற்பாள். "இது யாரு? அப்பா. சொல்லு... அப்பா." குழந்தை கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு நாள் அந்தப் போட்டோவைக் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். "போலீஸ் எப்ப வந்து சோதனை போடுவானோ. இப்போதைக்கு வேணாம்மா" என்றேன். வசந்தி சுவரில் தனியாக நின்ற ஆணியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். நான் கவர்மெண்ட் ஸர்வண்ட். அவளும் குழந்தையும் இருப்பது என் வீடு.

மாசம் ஒரு தடவை வேலூருக்கு இன்டர்வியூ. அதாவது, ஜெயிலில் போய்ப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் வசந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு காரணம் சொல்வேன். வெயில் ஜாஸ்தி. வேலூரில் அம்மை பரவுகிறது. பஸ்ஸில் பால் கெட்டுப்போகும். லேசாக ஜுரம் மாதிரி இருக்கிறதே...

"அவரு பாக்கணும்னு கேக்கறாருப்பா."

"பாக்கத்தானே போறாரு. வெளிய வந்ததும் ஆயுசு பூரா பாத்துக்கிட்டே இருக்கட்டும். குழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

குழந்தைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ற வாக்கியத்தை எந்தத் தாயால் எதிர்க்க முடியும்? அது தெரிந்துதான் சொன்னேன். அவள் தனியாகப் போவாள். அந்த நாள் முழுக்கப் பாப்பா எனக்கு.

நான் ஒரு தடவைகூட வேலூர் போகவில்லை.

குழந்தைக்குப் பத்து மாசம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். யார் யார் வீட்டுக்கு வருகிறார்கள், கடிதம் வருகிறதா என்றெல்லாம். நல்ல மனிதர். கேட்கவே சங்கடப்பட்டார். பாப்பா தவழ்ந்து போய் அவர் பேண்டைப் பிடித்து எழுந்து நின்றது. பல் இரண்டைக் காட்டிச் சிரித்தது. அவர் உருகிவிட்டார்.

"பாப்பா... உங்க அப்பா எங்க?" என்றார். சும்மா, குழந்தைகளிடம் கேட்கிற மாதிரி. கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தது. கையை நீட்டி, "ப்பா" என்றது.

அவர் சிரித்தார். நான் சிரித்தேன். பயத்தில் இறுகிப்போயிருந்த வீடு அப்படியே இளகிவிட்டது. காபி குடித்துவிட்டுப் போனார். வசந்தி மட்டும் டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அதுக்குத் தாத்தானு சொல்லிக் குடுங்க."

"சொல்லிக் குடுக்கறேம்மா."

எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வசந்தி இல்லாத நேரத்தில், பாப்பா 'ப்பா' என்று கூப்பிட்டால், அது 'அப்பா'வாகத் திருந்துகிற வரை "ம்... என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

அடுத்து, காது குத்துப் பத்திரிக்கை. நான் செய்தவற்றில் வசந்தி தப்பு என்று கண்டுபிடித்தது இது ஒன்றைத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பதினோராம் மாசம் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான்தான். சாமியே இல்லை என்று மேடையில் பேசுகிறவனின் குழந்தைக்குக் கோயிலில் மொட்டை! ஜெயிலில் இருந்து அவன் எழுதியிருந்தான், சென்சார் முத்திரையோடு: "மாமா, மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். முடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பிறந்த முடியோடு ஒரு தடவை பார்க்க ஆசையாக இருக்கிறது."

அவன் கேட்டது அவ்வளவுதான். சாமி, சடங்கு என்று ஒரு வார்த்தை வாதாடவில்லை.

நான் வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது. மேலதிகாரிகளுக்கும் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் பத்திரிக்கை அடித்துக் கொடுத்து, 'இது ஹெட்மாஸ்டர் குடும்பம், பக்தியான குடும்பம், அந்தக் கட்சிக் குடும்பம் இல்லை' என்று காட்ட வேண்டும். அதுதான் திட்டம். பெயர்? அதற்கும் தலைவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? என் அம்மாவின் பெயரை வைத்தேன். பார்வதி.

பிரஸ்ஸில் புரூஃப் கொடுத்தார்கள். வழக்கமான வாசகம். 'எங்கள் குமாரத்தி வசந்தி – மாப்பிள்ளை செழியன் தம்பதியின் புதல்வி...' பேனாவை எடுத்தேன். செழியன் பெயர் இருந்த வரியை அடித்தேன். 'எங்கள் பேத்தி' என்று மட்டும் இருந்தால் போதும் என்றேன்.

பிரஸ்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்பா பேரு இல்லாம காது குத்துப் பத்திரிக்கை நான் அடிச்சதில்ல சார்."

"காலம் அப்படி இருக்கு."

"சரி சார்... நீங்க சொன்னா சரி." அவர் போய், கோத்து வைத்திருந்த ஈய எழுத்துகளில் இருந்து அந்த வரியைச் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பாப்பாவுக்கு அப்பா இல்லாமல் ஆக அரை நிமிஷம்தான் ஆனது. பிறகு தள்ளி நின்று பார்த்தார். "கேப் தெரியுதே சார். எழுத்தை நெருக்கினா அழகா இருக்காது. ஒரு பூ பிளாக் இருக்கு, வெச்சுடட்டுமா?"

வையுங்கள் என்றேன். தாமரைப் பூ. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பின்னால் நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். அரசாங்கம் வெட்டினால் அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிடுகிறது. ஏதோ காணவில்லை என்று படிக்கிறவனுக்குத் தெரியும். வீட்டுக்குள் வெட்டுகிறவன் அங்கே பூ வைக்கிறான்.

பத்திரிக்கைக் கட்டு வந்ததும் வசந்தி ஒன்றை எடுத்துப் படித்தாள். நின்றபடியே.

"அப்பா, அவரு பேரு எங்க?"

"ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கெல்லாம் போகுதும்மா. இப்போதைக்கு..."

"அப்ப இன்ஸ்பெக்டருக்குக் குடுக்காதீங்க."

நான் கட்டின் கயிற்றை மறுபடியும் இறுக்கி முடிந்தேன்.

சரோஜா சமையலறையில் இருந்தே கேட்டாள்: "செழியனுக்குக் காது குத்தறப்ப மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தது யாரு?" நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மொட்டை அடித்தார்கள். பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறியது – "அப்பா... அப்பா..." பக்கத்தில் நின்றவர்கள், "பாவம், தாத்தாவையே அப்பானு கூப்பிடுது" என்றார்கள். பாவம் என்ற சொல் என் காதில் விழவே இல்லை. மற்றது விழுந்தது.

அந்த மாச இன்டர்வியூவுக்கு வசந்தி பத்திரிக்கையை எடுத்துக்கொண்டு போனாள். நடந்ததைப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அவன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தானாம். பிறகு, "பூ நல்லாருக்கு வசந்தி. எந்த பிரஸ்?" என்று கேட்டானாம்.

பயந்துபோய்ச் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் எல்லாம் என்னை மன்னித்துவிடுவீர்கள். அந்த வருஷம் யார் பயப்படவில்லை? வேலை போய்விடும், பென்ஷன் போய்விடும், வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை... பதினோரு வருஷமாக எனக்கே நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பயம் பாதிதான்.

மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். தேர்தல் வரப் போகிறது, உள்ளே இருப்பவர்களை விடப் போகிறார்கள் என்று காலை ரேடியோவில் செய்தி வந்தது. சரோஜா கையில் இருந்த கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். வசந்தி சுவரில் சாய்ந்து அழுதாள். தெருவில் யாரோ வெடி வெடித்தார்கள். பாப்பா என் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா?

இன்னும் ஒரு ஆறு மாசம் போகக் கூடாதா?

நாடு முழுக்கக் கும்பிட்டு அனுப்பிய ஒன்றை, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போயேன் என்று மனசுக்குள் கெஞ்சியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வந்தான். ஒரு காலை நேரம். பாதியாக இளைத்திருந்தான். தாடி. தோளில் ஒரு துணிப் பை. வசந்தி குளித்துக்கொண்டிருந்தாள். நானும் பாப்பாவும் கூடத்தில். அவன் வாசற்படியில் நின்று குழந்தையைப் பார்த்தான். மூன்று மாசக் குழந்தையாக விட்டுப் போனது, பதினைந்து மாசக் குழந்தையாக நின்றுகொண்டிருந்தது. தலையில் மொட்டைக்குப் பிறகு முளைத்த குட்டை முடி.

பையை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக் குழாய்க்குப் போனான். சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினான். கையில் ஒன்றும் இல்லை... கிரீஸ் இல்லை, அழுக்கு இல்லை. ஆனாலும் கழுவினான். வந்து குனிந்து இரண்டு கையையும் நீட்டினான்.

பாப்பா வீல் என்று கத்திக்கொண்டு ஓடி வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. "அப்பா! அப்பா!"

ஈரக் கையோடு அவன் நின்றான்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது நாலு வார்த்தை. 'நான் தாத்தா. அவர்தான் அப்பா.' போட்டோவை ஒளித்ததையும், வேலூருக்கு அனுப்பாததையும், பத்திரிக்கையையும்கூட அந்த நாலு வார்த்தை கொஞ்சம் நேர் செய்திருக்கும்.

நான் குனிந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "ஒண்ணும் இல்லடா, அப்பா இருக்கேன்" என்றேன்.

வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன்.

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு நின்ற வசந்தியும் அதைக் கேட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்று: "பேரு நல்லாத்தான் இருக்கு மாமா. எங்க பாட்டி பேருதானே." மாற்றவில்லை. தலைவர் மறுபடி கூட்டங்களுக்கு வரத் தொடங்கிய பிறகும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் ஒரு குதிரை வண்டி வந்தது. கூட ஜெயிலில் இருந்த ஒருவர் மூலமாக வேலூரில் கடை பார்த்திருக்கிறேன் என்றான். பாப்பா வண்டிக்குள் இருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போனது. தெரு திரும்பிய பிறகும் குரல் கேட்டது. பிறகு குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும்.

சண்டை இல்லை. திட்டவில்லை. வசந்தி இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை காலை பஸ்ஸில் வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு மதிய பஸ்ஸில் போவாள். தனியாக. குழந்தையைக் கூட்டி வரக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன். "வெயில் ஜாஸ்தியா இருக்குப்பா" என்றாள்.

சரோஜா போனபோது எல்லோரும் வந்தார்கள். பாப்பாவுக்கு எட்டு வயது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "தாத்தா" என்று கூப்பிட்டாள். யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மனைவியைப் பறிகொடுத்த அன்று, நான் அழுததில் பாதி அந்த வார்த்தைக்கு. இதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதும் நாலரை மணி ஆனால் இந்தத் தோள் எதையோ எதிர்பார்க்கிறது. மாடிக்குப் போகிறேன். மலையைப் பார்க்கிறேன். யாருக்கும் ஊட்ட வேண்டியது இல்லை.

பாப்பா, நடந்தது இதுதான். உன் அப்பா ஒரு வருஷம் உன்னைப் பார்க்க முடியாமல் போனதற்கு ஜெயில் சுவர் மட்டும் காரணம் இல்லை. இந்தப் பக்கம் நான் ஒரு சுவர் கட்டிக்கொண்டு, அதன் நிழலில் உன்னை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். உன் முதல் முடி, முதல் அடி, முதல் வார்த்தை... எல்லாம் அவனுடையவை. நான் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தர வழியில்லை. அதனால் அவனிடம் மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உன்னிடமும் கேட்கவில்லை.

படித்து முடித்ததும் பத்திரிகையை அப்பாவிடம் கொடு. நான் எங்கேயாவது என் பக்கம் தூக்கலாக எழுதியிருந்தால் அவன் சொல்லுவான்.

பரீட்சை முடிந்த மறுநாளில் இருந்து நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன் – வேலூர் பஸ் வந்து நிற்கிற இடத்தில், டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்தில். நீ வந்தால் கூட்டத்தில் யார் என்று தேட வேண்டாம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து எழுந்து உட்காருகிற கிழவன் நான்தான்.